அரை மைல் தள்ளி ஒரு கணவன்

இடெல்லாவின் கணவன் ஹோபர்ட் ஸ்டர்ஜில் அவளுடைய வீட்டிலிருந்து அரை மைல் தள்ளி, மாட்டுத்தீவன ஆலைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தான். அப்படியே இருபத்திரண்டு வருடம் போயிற்று. இருவருக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. காலிகோ ஃபோர்டு ஊரில் அதை விவாகரத்து என்றே எல்லோரும் எண்ணியிருந்தார்கள். சட்டைத் தொழிற்சாலையில் அவளோடு காலர் தைத்த பெண்கள் துருவித் துருவிக் கேட்டும் பார்த்தார்கள்.

"குடிப்பானா?"

"இல்ல."

"கை நீட்டுவானா?"

"சேச்சே. நல்ல மனுஷன்."

"அப்புறம் எதுக்குடி அவனை வெளியில நிறுத்தி வச்சிருக்க? எங்ககிட்ட தள்ளி விடேன்!"

இடெல்லா தையல் எந்திரத்தை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் புகுந்துகொள்வாள்.

நடந்தது இதுதான். அறுபத்து மூன்றாம் வருடம் ரேடியோவில் ஒரு பிரசங்கம் கேட்டு இருவரும் ஓய்வுநாள் சபையில் சேர்ந்தார்கள். சனிக்கிழமை வேலை கூடாது, பன்றிக்கறி கூடாது, கிறிஸ்துமஸ் மரம் கூடாது. வசந்தத்தில் புளித்த மாவை விலக்கும் புளிப்பில்லாப் பண்டிகை வந்தால் வீட்டில் ஒரு ரொட்டித்துகள்கூட இருக்கக் கூடாது. ஹோபர்ட் லாரியின் இருக்கையைக் கழற்றி உதறுவான். இடெல்லா டோஸ்டரைக் கவிழ்த்துப் போட்டு ஊசியால் குத்திக் குத்திச் சுரண்டுவாள். கடவுளுக்கு இன்னதுதான் பிடிக்கும் என்று தெரிந்து நடப்பதில் அவர்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அடுத்த வருடம் மே மாதத்தில் பாஸ்டர் ஆக்லி வீட்டுக்கு வந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"பிரதர் ஸ்டர்ஜில், உங்களுக்கு இதுக்கு முன்னால ஒரு கல்யாணம் ஆச்சாமே?"

"ஆமா. பத்தொம்பது வயசுல, ஜாப்ளின்ல. மொத்தமே நாலு மாசம்தான் பாஸ்டர். டயர் விக்கிறவன் ஒருத்தனோட கலிபோர்னியாவுக்குப் போயிட்டா."

"உயிரோட இருக்காங்களா?"

"நான் கேள்விப்பட்டவரைக்கும் கொழுகொழுன்னு இருக்கா." ஹோபர்ட் சிரித்தான். பாஸ்டர் சிரிக்கவில்லை.

முதல் மனைவி உயிரோடிருக்கையில் இரண்டாவது கல்யாணம் கடவுள் முன் கல்யாணமே இல்லை என்றார். அவர்கள் எட்டு வருடம் குடித்தனம் நடத்தி, ஆறு வயதில் ஒரு மகளும் இருக்கையில் இதைச் சொன்னார். சொல்லும்போது அவர் கண்ணிலும் நீர் நின்றது. "நான் போட்ட சட்டம் இல்ல சிஸ்டர். என் கையில இருந்தா உங்களைப் பிரிப்பேனா?"

மூன்று வாரம் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஹோபர்ட் நாலு சட்டையையும் கரடித் தோல்போல் தடித்த ஒரு கம்பளியையும் எடுத்துக்கொண்டு ஆலை அறைக்குப் போனான். சபையில் அவளை அதன்பின் பிறந்த வீட்டுப் பெயரால் சிஸ்டர் காட்ரெல் என்றே அழைத்தார்கள். ஹோபர்டும் அப்படித்தான் அழைக்க வேண்டியிருந்தது.

ஞாயிறு பிற்பகலில் மகள் லினெட்டைப் பார்க்க வருவான். சபைக்காரர் ஒருவர் கூட இருந்தாக வேண்டும். தண்ணீர் பம்பு பழுதானால் அவன்தான் வந்து சரிசெய்வான். அதுவரை இடெல்லா பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருப்பாள். சனிக்கிழமை ஆராதனையில் அவன் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். ஆராதனைக்குப் பின் எல்லோரும் கொண்டுவந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அவள் வைக்கும் பீன்ஸ் பாத்திரத்திலிருந்து அவன் இரண்டு தடவை எடுத்துக்கொள்வான். அதைத் தடுக்கச் சட்டம் இல்லை.

பிரிந்த எட்டாவது வருடம் குளிர்காலத்தில் ஆலையில் தானியத்தை மேலேற்றும் திருகு எந்திரத்தில் ஹோபர்டின் வலது கை மாட்டிக்கொண்டது. இடெல்லா பாஸ்டருக்குப் போன் செய்தாள்.

"நான் போய்ப் பார்க்கலாமா?"

"நான் போறேன் சிஸ்டர். உங்களுக்குச் சேதி சொல்றேன். நீங்க போனா ஒரு மனைவி போற மாதிரி ஆயிடும்."

ஆனாலும் அவள் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிறுத்துமிடத்தில் காரிலேயே ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை. இரண்டு விரல் போனது என்பது மறுநாள் அவளுக்குத் தெரிந்தது.

லினெட் பதினெட்டு வயதில் டல்சா நகரத்துக்குக் கிளம்பினாள். வாசலில் பெட்டியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்கப்பா எங்கம்மாகூட ஒரு மேசையில உக்காந்து சோளரொட்டி சாப்பிட்டா உன் கடவுளுக்குப் பொறுக்காதுன்னா, அவர் எனக்கு வேணாம்மா." இடெல்லா அவளைத் திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

எண்பத்தாறாம் வருடம் அக்டோபரில், ஒரு சனிக்கிழமை, டீக் என்ற இளம் பாஸ்டர் சபைத் தலைமையிடத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்தார். ஆக்லி ஓய்வு பெற்றிருந்தார். அன்று முன்வரிசையில்தான் இருந்தார். நாம் தவறாகப் போதித்தோம் என்றது கடிதம். மனிதனை இரட்சிப்பது நியாயப்பிரமாணம் என்னும் பழைய சட்டம் அல்ல, தகுதி பாராமல் கடவுள் தரும் கிருபை. கிறிஸ்து செய்து முடித்ததோடு நாம் கூட்டிச் சேர்க்க ஒன்றும் இல்லை. ஓய்வுநாள் சட்டமும் உணவுச் சட்டமும் இனி யாரையும் கட்டாது. பிரிக்கப்பட்ட தம்பதிகள் மறுபடி சேர்ந்து வாழ விடுதலையாயிருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

ஆக்லி எழுந்து வெளியே போனார். அவர் பின்னால் பத்துப் பதினைந்து பேர் போனார்கள். ஹோபர்ட் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டிருந்தான். இடெல்லா மண்டபத்துச் சமையலறைக்குப் போய், கழுவி அடுக்கியிருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினாள். டீக் அங்கே வந்து நின்றார்.

"சிஸ்டர் ஸ்டர்ஜில்..."

"அந்தப் பேரை இப்ப சொல்லாதீங்க." தட்டைத் தொட்டியில் போட்டாள். "இருபத்திரண்டு வருஷம் பாஸ்டர். கடவுளுக்குக் குடுக்கறேன்னு நினைச்சுக் குடுத்தேன். அவர் கேக்கவே இல்லைங்கறீங்க. அப்ப அதை யாரு வாங்கிக்கிட்டா?"

"எனக்குத் தெரியல," என்றார் டீக்.

அவர் ஏதாவது வேத வசனம் சொல்லியிருந்தால் அவள் அன்றோடு சபையை விட்டிருப்பாள்.

மறுநாள் ஹோபர்ட் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து கதவைத் தட்டினான். கூட யாரும் வரவில்லை. அவள் வலைக்கதவைத் திறக்கவில்லை.

"உள்ள வரலாமாம், இடெல்லா."

"யாரு சொன்னா? கடிதமா?"

"ஆமா."

"பாஸ்டர் போன்னாரு, போன. கடிதம் வான்னுது, வந்து நிக்கற. அன்னைக்கு ஒரு வார்த்தை சண்டை போட்டியா நீ?"

"போட்டிருந்தா நீ என்கூட வந்திருப்பியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை. "மாட்டேன்."

"நான் நரகத்துக்குப் போறதுன்னா பரவாயில்லன்னு இருந்திருப்பேன். என்னால நீ போயிடுவியோன்னுதான் பயந்தேன்."

"நானும் அதைத்தானே நினைச்சேன், முட்டாளே," என்றாள் இடெல்லா. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை. அவன் படியிறங்கிப் போனான்.

அந்த வாரம் அவள் டீக்கைத் தேடிப் போய்க் கேட்டாள்: "நான் அவரோட திரும்பச் சேந்துதான் ஆகணுமா?"

"அப்படி இல்ல சிஸ்டர்."

"சேரக் கூடாதா?"

"அதுவும் இல்ல. இனிமே யாரும் உங்களுக்குச் சொல்லப்போறதில்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அதையே நினைத்தபடி நடந்தாள். சட்டத்தின் கீழ் இருந்தபோது ஒரு காரியத்தைச் செய்தால் அதன் பொறுப்பு சட்டத்தின் மேல் போகும். இப்போது எதைச் செய்தாலும் அவளே செய்ததாகும். ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் செய்யாமல் இருந்தாள்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, கோட்டைப் போட்டுக்கொண்டு அவளாகவே ஆலைக்கு நடந்தாள். அந்த அறைக்குள் அவள் போனது அதுவே முதல் தடவை. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு நாற்காலி.

"இன்னொரு நாற்காலி இல்லையா?"

"யாரு வந்தா?" என்றான் ஹோபர்ட்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவனுடைய வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, விரல்கள் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். "அன்னைக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணுவிடாம சொல்லு."

அவன் சொன்னான். எந்திரச் சத்தம், ரத்தம், மயக்க மருந்து வாடை, விழித்தபோது பக்கத்தில் யாரும் இல்லாதது. அவள் கேட்டு முடித்துவிட்டு, "நான் வெளியில கார்ல இருந்தேன். அஞ்சு மணி நேரம். இறங்கி வரல," என்றாள்.

பதினான்கு வருடமாக அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று அது. ஏன் வரவில்லை என்று அவன் கேட்பான், கேட்டால் என்ன சொல்வது என்று இத்தனை காலமும் அவள் பதில் தேடிவைத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "குளிரா இருந்திருக்குமே," என்றான்.

மேடையிலிருந்து எத்தனையோ பேர் கிருபை என்று சொல்லி அவள் கேட்டிருக்கிறாள். அது மனிதன் மேல் இப்படித்தான் வந்து இறங்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. வாய்விட்டு அழுதாள். பிற்பகலில் இருவருமாக அவன் சாமான்களை லாரியில் ஏற்றினார்கள். அரை மைல்தானே, இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டார்கள்.

பதினோரு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். கோபம் அவளை முற்றாக விட்டுவிடவில்லை. சில நாள் காரணமில்லாமல் அலமாரிக் கதவுகளை அறைந்து சாத்துவாள். ஹோபர்ட் பன்றிக்கறி பொரித்தால் ஜன்னலைத் திறந்துவைப்பாள், ஆனால் தடுக்கமாட்டாள். லினெட் குழந்தைகளோடு வந்து போனாள். சபைக்கு மட்டும் வரமாட்டாள், அவர்களும் கூப்பிடவில்லை.

பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சபையை விட்டுப் பிரிந்துபோனவர்களோடு ஆக்லி இருந்தார். நீங்கள் விபசாரத்தில் வாழ்கிறீர்கள் என்று அவர் ஒரு கடிதம் எழுதினார். ஹோபர்ட் அதை அடுப்பில் போடச் சொன்னான். இடெல்லா உட்கார்ந்து பதில் எழுதினாள்: ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வாருங்கள், பன்றிக்கறி இருக்காது. அவர் வரவில்லை. அடுத்த கோடையிலும் எழுதினாள். ஆகஸ்டில் ஒரு நாள் ஆக்லி வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி வேலிக்கு வெளியே நின்றார். அவருடைய மனைவி இறந்துபோயிருந்தாள். சட்டைக் காலர் அழுக்காக இருந்தது.

"உள்ள வாங்க பாஸ்டர்," என்றாள்.

"வர முடியாது சிஸ்டர். என் மனசாட்சி விடாது."

"அப்ப நில்லுங்க," என்று சொல்லித் தோட்டத்துக்குப் போய், பழுத்த தக்காளியாகப் பார்த்து ஒரு பை நிறையப் பறித்து வந்து வேலிக்கு மேலே நீட்டினாள். அவர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.