ஆக்ரா படத்தில் நானும் இருக்கிறேன்

என் வீட்டுக்காரர் போன பத்தாம் நாள், கருமாதிக்கு வைக்க அவர் படம் வேண்டும் என்று என் பிள்ளை பீரோவைக் குடைந்தான். அவர் தனியாக நிற்கிற படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அவர் தனியாக நின்றதே இல்லை.

ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டினவர் அவர். ஆடிக் கிருத்திகைக்கு உலகமே காவடி எடுத்துக்கொண்டு எங்கள் திருத்தணிக்கு வரும். தறிக்கும் லீவு. நாங்கள் அப்போதுதான் வெளியூருக்கு ரயில் ஏறுவோம்.

"சாமி இங்க இருக்கு, நீங்க ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?" என்று தெருவே கேட்கும்.

"சாமி வருசம் பூரா இங்கதான் இருக்காரு. எங்களுக்கு இப்பதான் லீவு," என்பார்.

போன ஊரில் எல்லாம் ஒரே ஒரு படம், சேர்ந்து நின்று. கன்னியாகுமரியில் காற்று எங்கள் குடையைத் திருப்பிவிட்டது. ஊட்டியில் வாடகைக்கு எடுத்த ஸ்வெட்டர் அவருக்குத் தொப்பைக்கு மேலேயே நின்றுவிட்டது. கோவாவில் நான் முட்டி வரை கடலில் நிற்கிறேன், அவர் கையில் என் செருப்பு. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் எந்தப் படம் எந்த ஊர் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

ஆக்ராவில்தான் ஏமாந்தோம். கோயில் மாதிரி என்று நினைத்து வெளி கேட்டிலேயே செருப்பை விட்டுவிட்டோம். உள்ளே வெள்ளைக் கல் தோசைக்கல்லாகக் கொதித்தது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறேன். அவர் சிரிக்கிறார், பல் எல்லாம் தெரிய.

அந்தச் சிரிப்புக்காகப் பிள்ளை அதையே ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனான். மறுநாள் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு எடுத்து வந்தான். தாஜ்மகால் இல்லை. நானும் இல்லை. நீலத் துணிக்கு முன்னால் கோட்டும் டையும் போட்ட ஒரு ஆள்.

"யாருடா இது, கலெக்டரா?"

"நைனாதாம்மா. ஸ்டுடியோக்காரரே கோட்டு போட்டுக் குடுத்தாரு."

"நான் எங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். "மாலை போடற படம்மா. உயிரோட இருக்கறவங்க அதுல இருக்கக் கூடாது."

என் நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள். அண்ணியான என்னை அவள் வதினா என்றுதான் கூப்பிடுவாள். "ஆங், அவன் சொல்றது சரிதான் வதினா. உங்களுக்கு எதுனா ஆயிட்டா?"

"எனக்கு எழுபத்திரண்டு ஆவுது. இதுக்கு மேல எது ஆனா என்ன? டேய், என்னை வெட்டாம எடுத்துகினு வா. இல்லன்னா ஒரு படமும் வேணாம், சுவரு சும்மா இருக்கட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே போனான். சாயங்காலம் முழுப் படமும் வந்தது.

கருமாதி அன்று என் பூவை எடுத்தார்கள், பொட்டை அழித்தார்கள். ஆனால் படத்தில் என் நெற்றியில் குங்குமம் இருந்தது, தலையில் ஒரு முழம் மல்லிகையும் இருந்தது. அதில் யாராலும் கை வைக்க முடியவில்லை.

மாலையைப் போட ஒருவரும் முன்னால் வரவில்லை. நானே எழுந்துபோய், இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டேன். நாத்தனார் ஓரமாக நின்று, அவள் அண்ணன் பக்கம் மட்டும் பார்த்துக் கும்பிட்டாள். மற்றவர்கள் எங்கள் இருவரையும் கும்பிட்டார்கள்.

கும்பிடட்டும்.