ராஜன் அண்ணன் எடுத்த சீட்டு

வாழைச்சேனை வாழ் பெருமக்களுக்கு மிகுந்த மனவேதனையோடு அறியத்தருவது... எங்கட சந்தி போட்டோகொப்பி மெஷின் இண்டையில இருந்து ஓடாது. ஐடென்டிட்டி காட் கொப்பி எடுக்க வந்து நிக்கிற ஆக்கள் வீட்ட போகலாம்.

மெஷினுக்கு ஒண்டுமில்ல.

மெஷின்காரர் போயித்தார். கொமினிகேஷன் ராஜன் அண்ணன். விடியக்காலம, ஆஸ்பத்திரியில. சீனி வருத்தம் கன நாளா இருந்தது... கிட்னி வரைக்கும் போயித்து.

இப்பிடித் தொடங்கினதுக்கு ஏசாதீங்க. அவர் இருந்திருந்தா முதல் லைக் அவர்டதான்.

தெரியாத ஆக்களுக்கு: எல்லார் கையிலயும் மொபைல் வர முதல், கட்டாருக்கும் சவூதிக்கும் கதைக்கிறதெண்டா அவர்ட கடைதான். ஊர்ச்சனம் பாதி அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிண்டு அழுதிருக்கு. ஆரும் அழத் தொடங்கினா அவர் ரேடியோச் சத்தத்தக் கூட்டி விடுவார், வெளிய நிக்கிற ஆக்களுக்குக் கேக்காம.

சபையிலயும் அவர் அப்பிடித்தான். வருஷப் பிறப்பு ஆராதனைக்கு ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பம்தானே, அந்த வருஷத்துக்குக் கர்த்தர் சொல்லுற பைபிள் வசனம் எண்டு... அந்த வசனங்கள அவர்தான் காசு வாங்காமக் கொப்பி அடிச்சுத் தருவார். வெட்டிச் சுருட்டுறது வாலிபர் கூட்டம். கூடையத் தூக்கிக்கொண்டு போறது நான்.

நான் எண்டா தெரியும்தானே.

எங்கட சபைக்கு வசனம் ரெண்டு வழியா வரும். ஒண்டு பரத்தில இருந்து, மற்றது என்ட கரத்தில இருந்து.

வேணுமான சீட்ட முன்னுக்கு வச்சுக் கூடையக் கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சாச் சரி, கை தானா அதுக்குத்தான் வரும். ஊர்க்கதை கதைக்கிற ஒரு மாமிக்கு ஒவ்வொரு வருஷமும் நாவை அடக்கச் சொல்லுற வசனம். கடைசியில அவ போதகரிட்டப் போய், "ஐயா, கர்த்தருக்கு என்னோட ஏதோ கோவம் போல கிடக்கு" எண்டவ.

இப்ப அண்ணன்ட கதை.

அவருக்கும் கதிரவெளி சுகந்தி அக்காவுக்கும் கலியாணம் பேசி, தை மாசத்தில நாள் வச்சிருந்தது. மார்கழியில கடல் வந்தது. அக்காட தாய், தகப்பன், வீடு... மிஞ்சினது அவவும் தம்பியும்தான்.

மறுகா வாகரைப் பக்கம் சண்டை. சனம் ஓடேக்க அந்தத் தம்பியும் காணாமப் போனான். "தம்பி வந்தாத்தான் கலியாணம்" எண்டு அக்கா சொல்லிப்போட்டா.

அண்ணன், "ஓம், கர்த்தர்ட நேரம் வரட்டும்" எண்டார். வேற ஆரும் சொன்னா அது தட்டிக்கழிக்கிற சாட்டு. அவர் உண்மையாவே காத்திருந்தார்.

ஆனா அவர்ட கூடப்பிறந்த அக்கா விடல்ல. டவுனில ஒரு பொம்புள பார்த்தா. எங்கட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்பிள்ளதானே பொம்புள வீட்டுக்குக் குடி போறது... அப்ப கடையப் பூட்டிப்போட்டு மட்டக்களப்புக்குப் போகணும்.

"கர்த்தருக்கு எவ்வளவும் நேரம் இருக்கும்டா. உனக்கு இருக்கா? தலையப் பாரு, பாதி வெள்ள" எண்டு கடைக்குள்ள வச்சே ஏசினா.

"வருஷப் பிறப்புக்குச் சீட்டு எடுக்கன் அக்கா. வசனம் என்ன சொல்லுதோ அதுதான்" எண்டார் அண்ணன். "போ எண்டு வந்தாப் போறன்."

அண்டைக்கு நான் கூடையோட முன்னால போய் நிக்கேக்க அவர் கைய விட்டார். எடுத்தார். விரிச்சார். திடமா இரு, காத்திரு எண்டு சொல்லுற சங்கீத வசனம்.

டவுன் பொம்புளைக்கு வேற மாப்பிள்ள.

அந்த வருஷம்தான் சண்டை முடிஞ்சது. கொஞ்ச மாசத்தால ஒரு பின்னேரம் கடை ஃபோன் அடிச்சது. வவுனியாவில ஏதோ முகாமில இருந்து ஒரு பொடியன். "அத்தான்... நான்தான்."

சுகந்தி அக்காட தம்பி. சுனாமிக்குப் பிறகு அக்கா பாடமாக்கி விட்ட நம்பர், அவனுக்கு ஞாபகம் இருந்ததும் அது ஒண்டுதான். கடை பூட்டிக் கிடந்திருந்தா அது சும்மா அடிச்சு நிண்டிருக்கும்.

அண்ணன் ரிசீவர வச்சிட்டு ரேடியோவக் கூட்டினார். கடையில வேற கஸ்டமர் ஒருத்தரும் இல்ல, நான் மட்டும்தான்.

கலியாணத்துக்குத் தம்பிதான் அக்காட கையப் பிடிச்சுச் சேர்ச்சுக்குள்ள கூட்டி வந்தான். நான் ரெண்டு தரம் புரியாணி சாப்பிட்டுப் போட்டு, மாப்பிள்ளைட காதுக்குள்ள, "அண்ணே, அந்தச் சீட்டு நான் வச்சது. கேக்கில பெரிய துண்டு எனக்கு" எண்டன்.

அவர் அசரல்ல. "பைபிளில கர்த்தர் ஒருக்கா கழுதைய வச்சும் பேசினவர்தானேடா" எண்டார்.

அண்டையில இருந்து ஊர் முழுக்க நான் அடிச்சு விடுற கதை இதுதான். ராஜன் அண்ணன்ட கலியாணத்த முடிச்சு வச்சது நான்.

போன கிழமை ஆஸ்பத்திரி வாட்டில அவரப் பார்த்தன். சுகந்தி அக்கா பக்கத்தில இருந்து தோடம்பழம் உரிச்சுக் குடுத்துக்கொண்டிருந்தா. "எப்ப அண்ணே வீட்ட?" எண்டு கேட்டன்.

"அவர்ட நேரத்துக்கு." சிரிச்சார். முகத்தில ஒரு பயம் கிடையாது. "எனக்கு வர வேண்டியதெல்லாம் வந்தித்துடா" எண்டு சொல்லிப்போட்டு அடுத்த சுளைக்கு வாயத் திறந்தார்.

சரி... அவர் போயித்தார். இனி உண்மையச் சொல்லலாம்.

அண்டைக்குக் கூடையில நான் முன்னுக்கு வச்சது வேற சீட்டு. பழசெல்லாம் மறந்து எழும்பிப் போகச் சொல்லுறது. அதுக்கு அவர்ட அக்கா எனக்குக் கிரிக்கெட் மட்டை வாங்கித் தாறன் எண்டவ.

அவர் அதத் தொடவே இல்ல. கண்ண மூடிக்கொண்டு, கூடைட அடி மட்டும் கைய விட்டுத் துழாவி எடுத்தார்.

போயித்து வாங்க அண்ணே. மட்டையும் கிடைக்கல்ல.