இருபத்து மூன்றாவது நிமிடம்

"தம்பி, யோசெப்பின்ட குரல் உங்கட கம்பியூட்டர்ல எங்கயாவது கிடக்குமா?"

ஹெக்டர் அண்ணை வந்து கேட்டது இது ஒன்றைத்தான். யோசெப்பின் அக்கா அவருடைய மனைவி. அக்காவை அடக்கம் செய்து பதினொரு நாள் ஆகியிருந்தது. வீட்டில் படங்கள் அலுமாரி நிறைய இருந்தன, குரல் மட்டும் எதிலும் இல்லை. எனக்குப் பதில் தெரியும். தெரிந்துகொண்டே, "தேடிப் பாப்பம் அண்ணை" என்றேன். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஐந்து கம்பியூட்டரும் ஒரு போட்டோக்கொப்பி மெஷினும் வைத்து இன்ரநெற் கடை நடத்தியவன் நான். வீடு வெள்ளவத்தை. இது இரண்டாயிரத்து எட்டில், சண்டைக் காலத்தில். கடைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று இடத்தில் ஆமியும் பொலிஸும் பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும், பிறகென்ன, கேள்விக்கு மேல் கேள்வி. கடைக் கதவைத் திறக்கும்போதே ஒரு நாள் வேலை செய்து முடித்த அலுப்பு வந்துவிடும். அப்போது தொற்றிய சலிப்புக் குணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஹெக்டர் அண்ணை கொட்டாஞ்சேனையிலேயே பிறந்தவர், ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளாக். முன்னர் கலியாண வீடுகளில் கீபோட் வாசித்தவராம். செக்கிங் கூடி, கலியாணங்கள் பகலோடு முடிகிற காலம் வந்ததும் அதை விட்டுவிட்டார். பிறகுதான் இந்த அம்பியன்ற் சங்கீதப் பைத்தியம் பிடித்தது. முதல் தடவை கேட்டபோது என் ஸ்பீக்கர் பழுது என்றுதான் நினைத்தேன். பாட்டு இல்லை, தாளம் இல்லை, நாற்பது நிமிடம் ஏதோ ஒன்று இரைந்துகொண்டே இருக்கும். போலந்திலோ ஜப்பானிலோ எவனோ ஒருவன் தன் அறைக்குள் இருந்து செய்து இணையத்தில் சும்மா விட்டுவிடுவான். கம்பனியும் இல்லை, கசற்றும் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை பின்னேரமும் ஹெக்டர் அண்ணை வந்து, அந்தக் கிழமை புதிதாக வெளியானவற்றை இறக்கிவிட்டு, மூலைக் கம்பியூட்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவார்.

"இதில என்னண்ணை நடக்குது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்டும் நடக்காது தம்பி. அதுக்குத்தானே கேக்கிறன்."

எந்த நேரமும் ஏதாவது நடந்துவிடுமோ என்று நெஞ்சு பதைக்கிற ஊரில் அது நியாயமான பதில்தான். அதற்குப் பிறகு நான் நக்கல் அடிக்கவில்லை.

கனடாவில் இருந்த அவருடைய மச்சான் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி அனுப்பினார். அதோடு ஹெக்டர் அண்ணையும் செய்யத் தொடங்கினார். விடிய ஐந்து மணிக்கு வீட்டு ஜன்னலில் அதை வைப்பார். காகம், தூரத்துக் கப்பலின் இரைச்சல், பக்கத்து வீட்டு மேசை விசிறி எல்லாம் பதியும். சில நாளில் துறைமுகத்தை ஒட்டிய முகத்துவாரம், சில நாளில் தெமட்டகொடை ரயில் யார்ட் பக்கம். பிறகு என் கடையில் இருந்து அவற்றை இழுத்து, மெதுவாக்கி, ஒன்றின் மேல் ஒன்று போடுவார். தனக்கு வைத்த பெயரும் அந்த மேசை விசிறிதான், 'ரேபிள் ஃபான்'. ஊர் பெயர் கிடையாது, ஆள் பெயர் கிடையாது. மனிதக் குரல் ஒன்று வந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் விசிறிச் சத்தத்தை ஒட்டுவார். குரல் வந்தால் அமைதி குழம்பும் என்பார். தமிழ்க் குரல் வெளியே கேட்கக் கூடாது என்ற பயம்தான் உண்மையான காரணம். பஸ்ஸில் போன் வந்தாலே "ஹலோ" என்று சொல்லிக் கட் பண்ணுகிற ஆட்கள் நாங்கள்.

அதிகம் வெட்டுப்பட்டது யோசெப்பின் அக்காதான். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் இருந்து கலியாணம் கட்டி வந்தவர், குரல் கணீரென்று இருக்கும். சரியாகப் பதிவு நடக்கிற நேரம்தான் குசினியில் இருந்து கூப்பிடுவார். ஒருநாள் கொப்பி எடுக்கக் கடைக்கு வந்தவர் என்னிடமே முறையிட்டார்.

"இஞ்ச பாரும் சிவபாலன், தேத்தண்ணி ஆறுதெண்டு மூண்டு தரம் கூப்பிட்டாலும் மனுசன் வாய் திறக்காது. கையால சைகை. குசினிக்குள்ள நிக்கிற எனக்குக் கை தெரியுமே?"

மூலையில் இருந்த அண்ணை சிரித்துக்கொண்டே, "கதைச்சா என்ர குரலும் விழுந்திடுமப்பா" என்றார். ஆளும் பெயரும் இல்லாத சங்கீதத்துக்கு இத்தனை பத்தியம்.

பெப்ரவரியில் ஒருநாள் காலை எட்டரைக்கு அண்ணை மூச்சு வாங்க ஓடிவந்தார். ஜம்பட்டா வீதிப் பக்கம் வீடு வீடாகச் செக்கிங், அடுத்தது நாங்கள். செக்கிங் என்று காதில் விழுந்தால் எங்கள் சனத்துக்கு முதலில் கை போவது அலுமாரிக்குத்தான். கடிதம், டயறி, ஊர்க் கலண்டர், எதையும் கிழி, எரி, கக்கூசில் போடு. அவர் கேட்கும் முன்னமே எனக்குப் புரிந்துவிட்டது. மூலைக் கம்பியூட்டரில் 'முகத்துவாரம் 5.10', 'யார்ட் 6.00' என்று இடமும் நேரமும் போட்ட, குரல் வெட்டாத முப்பத்தொரு பதிவு. துறைமுகத்தை உளவு பார்த்தவன் என்று உள்ளே தள்ள வேறென்ன வேண்டும்?

"எல்லாத்தையும் அழியுங்க தம்பி. ஒண்டும் மிஞ்சக் கூடாது."

"முடிச்சு வச்ச ஒண்டை மட்டும் விடுறன். அதில ஊரும் இல்லை, ஆளும் இல்லை."

அழித்தது என் கைதான். அவர் வீட்டுக்கு ஓடிப்போய் மெமரி காட்டையும் இரண்டு சீடியையும் உடைத்துச் சாக்கடைக் கானுக்குள் போட்டார்.

பொலிஸ்காரர்கள் பத்து மணிக்கு வந்தார்கள். என் பொலிஸ் பதிவுப் படிவத்தைப் பார்த்தார்கள். ஒருவர் சட்டைப் பையில் இருந்து தன் லீவுக் கடிதத்தை எடுத்து, "மல்லி, போட்டோக்கொப்பி தெகக்" என்றார் சிங்களத்தில். இரண்டு கொப்பி அடித்துக் கொடுத்தேன். போய்விட்டார்கள். கம்பியூட்டர் பக்கம் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணை அனுப்பிவைக்க, ஏப்ரலில் போலந்துக்காரன் ஒருவன் தன் தளத்தில் ரேபிள் ஃபானின் அந்த ஒரே பதிவை வெளியிட்டான். நாற்பத்தொரு நிமிடம். ஜூனில் யோசெப்பின் அக்கா நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வரவில்லை.

அண்ணை வந்து கேட்ட பிறகு, அழிந்ததை மீட்கிற சொவ்ற்வெயர் ஒன்றைப் போட்டு இரண்டு நாள் தேடினேன். பதிவுகளின் பெயர்கள் சில வந்தன, உள்ளே வேறு ஏதோ இருந்தது. பெப்ரவரிக்குப் பிறகு வெள்ளிக்கு வெள்ளி அவர் இறக்கிய புதுப் பதிவுகள் எல்லாம் அந்த இடத்தில் போய்க் குந்திவிட்டன. எங்கோ ஒருவனுடைய ஒன்றும் நடக்காத நாற்பது நிமிடம், அக்காவின் மேல். இதை அவருக்குச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"வெளிவந்ததைப் போடுங்க தம்பி. ஸ்பீக்கர்ல."

போட்டேன். கடையில் வேறு ஆள் இல்லை. காகம், இரைச்சல், விசிறி. பதிவுக்குக் கீழே யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் எழுதியிருந்தாள், ஆளில்லாத வீட்டில் இருப்பதுபோல நிம்மதியாக இருக்கிறது என்று. எனக்கு ஸ்கிரீனை அடித்து உடைக்கலாம் போல வந்தது.

ஹெக்டர் அண்ணை கண்ணை மூடி இருந்தார். இருபத்து மூன்றாவது நிமிடத்தில் கையை உயர்த்தினார்.

"இந்த இடம்தான். தேத்தண்ணி ஆறுதெண்டு கூப்பிட்டவ."

நானும் காது கொடுத்தேன். அவர் ஒட்டிய விசிறிச் சத்தம் இரண்டு வினாடி சுற்றியது. திருத்தமான வேலை, ஒட்டுத் தெரியவில்லை.

"ஓம் யோசெப்பின், வாறன்" என்றார் ஹெக்டர் அண்ணை, கடைக்கு வெளியே கேட்கிற குரலில்.