மழை அறிவித்த நாளில் அரிச்சல்முனைக்கு

வியாழக்கிழமை காலை ராமநாதபுரம் ரயில் நிலையத்தில் இறங்கியபோது ஏழு மணி வெயிலே முதுகைச் சுட்டது. மார்ச் பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சென்னையில் விடியற்காலையில் இன்னும் மின்விசிறியைக் குறைத்து வைக்க வேண்டியிருந்தது. இங்கே குளிர்காலம் வந்துபோன அடையாளமே இல்லை.

பேருந்து நிலையத்தில் அக்கா பஞ்சவர்ணம் காத்திருந்தாள். முதுகுளத்தூருக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. அங்கிருந்து ராமேஸ்வரம் நூறு கிலோமீட்டர்தான். ஆனாலும் அவள் தனுஷ்கோடியைப் பார்த்ததில்லை. மாசி, பங்குனி வந்தால் பறித்த மிளகாய் களத்தில் காயும்; அதை விட்டுவிட்டு வரமாட்டாள். எனக்கோ அலுவலகத்தில் அந்தச் சமயத்தில்தான் விடுப்பு கிடைக்கும். இந்த முறை ஒரு வாரமாக வானிலை அறிவிப்பைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அனுப்பினேன். மாவட்டம் முழுக்க வறண்ட வானிலை என்று தினமும் வந்தது. அதை நம்பித்தான் புறப்பட்டு வந்திருந்தாள்.

"போன்ல இப்ப என்ன போட்டிருக்குன்னு பாருடி" என்றாள். நலம் விசாரிப்பதற்கு முன்பே.

"வெயில்தான்க்கா."

"சாயங்காலம்?"

"சாயங்காலமும் வெயில்தான்."

ராமேஸ்வரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஜன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்தேன். அவள் பார்த்ததெல்லாம் மேகத்தை மட்டுமே. உச்சிப்புளியில் ஏறி எங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் புதுமடத்துக்காரர், படகு வைத்திருக்கிறார். அக்கா அவரிடமும் கேட்டாள்.

"மழை வருமாண்ணே?"

"அத ஏம்மா கேக்குறீக" என்றார் எரிச்சலோடு. "முந்தாநாள் காத்தடிக்கும், கடலுக்குப் போகாதேன்னு சொன்னாக. கடல் கண்ணாடியாட்டம் கெடந்துச்சு. நேத்து போலாம்னாக. போனா அடிச்ச காத்துல வலைய அள்ளிப் போட்டுட்டு ஓடியாந்தோம். இன்னைக்கு அல்லா விட்ட வழின்னு மண்டபத்துல மச்சான் வீட்டுக்குப் போறேன்."

அக்காவின் முகம் வாடியது. அவரைப் பேசவிட்டதற்காக எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் பச்சையும் நீலமுமாக விரிந்தது. பயணிகள் எல்லாரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா தன் வீட்டுக்காரருக்கு, அதாவது என் மச்சானுக்கு, போன் போட்டு, களத்து மிளகாயைப் புரட்டிவிட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்தோம். வாடகை ஆயிரத்து இருநூறு, முழுவதும் முன்பணம். அன்று கோயில், மறுநாள் காலை தனுஷ்கோடி என்பது திட்டம். தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பாட்டுக் கடைத் தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் இன்றும் நாளையும் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும் என்றார்கள்.

அக்கா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள்.

"காலையில வெயிலுன்னு சொன்னியேடி!"

"நானா சொன்னேன்? அவங்க சொன்னதைச் சொன்னேன். ஓரிரு இடம்னா உங்க ஊர்தான்னு எழுதியா இருக்கு?"

"எங்க ஊரு இல்லைன்னும் எழுதலையே."

மச்சான் தனி ஆள், அத்தனை மிளகாயையும் கூட்டி மூட ஒருவரால் முடியாது என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போனாள். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தாள். அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. படுக்கை விரிப்புகூடக் கலையாத அறைக்குக் கொடுத்த வாடகையைத் திருப்பிக் கேட்டேன். மேலாளர் சிரித்தார், அவ்வளவுதான்.

பேருந்தில் பாதி வழி பேசிக்கொள்ளவில்லை. மீதி வழி சண்டை போட்டோம்.

ராமநாதபுரத்தில் பேருந்து மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. களத்தில் மிளகாய் முழுவதும் குவிக்கப்பட்டு, தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிலும் கல் வைத்திருந்தது. மச்சான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் முறையில் எனக்கு ஒரு சிரிப்பு. அக்காவுக்கு ஒரு முறைப்பு.

"எதுக்கு வந்தே?"

"மழைன்னாக..."

"எனக்கும் டிவி இருக்குல்ல? பக்கத்து வயக்காரவுக ரெண்டு பேரக் கூப்பிட்டு மூடியாச்சு. வந்த புள்ளையவும் இழுத்துக்கிட்டு வந்திருக்கா பாரு."

அன்று ஒரு தூறல்கூட விழவில்லை.

வெள்ளிக்கிழமை காலையும் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அறிவிப்பில் மட்டும் மழை நீடித்தது. எனக்கு அன்று மாலை ராமநாதபுரத்தில் ரயில். பல் தேய்த்துக்கொண்டு களத்தில் நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது. மிளகாய் மூடியிருக்கிறது. மழை வரும் என்கிறார்கள், அதனால் யாரும் திறக்கப்போவதில்லை. இவளுக்கு இங்கே வேலையே இல்லை.

"அக்கா, கெளம்பு. மறுபடியும் போவோம்."

"வெளையாடுறியா?"

மச்சான்தான் முடித்துவைத்தார். "கூட்டிட்டுப் போயிரும்மா. இங்கன இருந்தா நொடிக்கொரு தரம் தார்ப்பாயத் தூக்கிப் பாத்து என் உசுர வாங்குவா."

காலைப் பேருந்தைப் பிடித்து, முந்தின நாள் வந்த அதே வழியில் திரும்பினோம். பாலத்தில் இந்த முறை நானும் எட்டிப் பார்க்கவில்லை. ராமேஸ்வரத்தில் ஆட்டோக்காரர் அரிச்சல்முனைக்குப் போய்வர எண்ணூறு ரூபாய் கேட்டார். இருபது கிலோமீட்டர்தானே என்றேன்.

"மழைன்னு போட்டுட்டாங்க மேடம், காலையிலேர்ந்து ஒரு சவாரி இல்ல. எங்க மழை? நீங்களே அண்ணாந்து பாருங்க" என்றார்.

பார்த்தேன். கண் கூசியது. அதுதான் அக்காவின் புதிய கவலையாயிற்று.

"இந்த வெயிலுக்குத் தார்ப்பாய்க்குள்ள புழுங்குமேடி. அரைக்காயலா குமிச்சு வச்சிருக்கு. ஒரு நாள் புழுங்குனா பூஞ்சணம் புடிச்சிரும். அவுக தெறந்தாகளோ என்னமோ."

நேற்று மழை வருமென்று அழுதவள், இன்று மழை வரவில்லையென்று அழுகிறாள். பற்களைக் கடித்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் மணலும் கடலுமாக நேராக ஓடிய சாலை முடியும் இடத்தில் ஆட்டோ நின்றது. இடப்பக்கம் குளம்போல் அமைதியான கடல், வலப்பக்கம் அலையடிக்கும் கடல். பெண் கடல், ஆண் கடல் என்கிறார்கள் இங்கே. அக்கா இரண்டுக்கும் முதுகைக் காட்டி, வந்த திசையைப் பார்த்து நின்றுகொண்டு, கிடைக்காத எண்ணை மறுபடியும் மறுபடியும் அழுத்தினாள். அங்கே நம் ஊர் சிக்னல் இல்லை. என் போனுக்கு இலங்கை நெட்வொர்க்கிலிருந்து நல்வரவுச் செய்தி வந்தது.

"ஒரு மணி நேரம்! ஒரே ஒரு மணி நேரம் அந்த மிளகாயை மறந்துட்டு நிக்க முடியாதா உன்னால?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கத்தவில்லை.

"ஒனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும். வெயிலடிச்சாலும் வரும், மழை பேஞ்சாலும் வரும். எங்களுக்கு வருசத்துக்கும் சேத்து இந்தக் களம் மட்டுந்தான்டி."

ஆட்டோவில் ஏறினோம். சிக்னல் வருமிடத்தில் நிறுத்தச் சொன்னேன். பழைய தேவாலயத்து இடிபாட்டுக்குப் பக்கத்தில், கிளிஞ்சல் மாலை விற்கும் கடைகளருகே அவளுடைய போன் அடித்தது. மச்சான்தான். அவள் பதறி அழுத்தியதில் அவர் குரல் வெளியே எல்லாருக்கும் கேட்டது.

"எத்தன தரம் அடிக்கிறது? இங்கன மழை ஊத்துது!"

"மெய்யாவா? மிளகாயி?"

"உள்ள ஒண்ணுகூட நனையல. நீயே கேளு."

போனைத் தார்ப்பாயருகே கொண்டுபோனார் போலிருக்கிறது. சடசடவென்று மழைச் சத்தம். உச்சி வெயிலில், கொதிக்கும் தார்ச்சாலையோரம், அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அவள் தோள்கள் இறங்கியதை அப்போதுதான் பார்த்தேன். இரண்டு நாளாக அவை தூக்கியே இருந்திருக்கின்றன.

போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோக்காரரிடம் சொன்னாள்: "அண்ணே, திருப்புங்க. நான் இன்னும் கடலப் பாக்கல."

அவர் கூடுதலாக இருநூறு கேட்டார். நான் பேரம் பேசவில்லை.

அமைதியான பக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை இறங்கினாள். காவலர் விசில் ஊதினார். அவள் அவரைப் பார்த்துக் கையாட்டினாள், ஏதோ சொந்தக்காரரைக் கண்டதுபோல. பிறகு குனிந்து, தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி என் மேல் வீசினாள்.

மாலையில் ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் பிரிந்தோம். அங்கே நல்ல வெயில். சென்னையில் மழை என்றால் எனக்குத் துணி காயாது, பேருந்து தாமதமாகும்; அதற்கே நாள் முழுக்கப் புலம்புவேன். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. முதுகுளத்தூர் வண்டி நகரத் தொடங்கியதும் அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"அடுத்த வருசமும் மழைன்னு போட்டா சொல்லுடி, மிளகாய மூடிட்டு வாரேன். வெயிலுன்னு போட்டா கூப்பிடாத!"