முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல்

என் மகள் இந்திய வாலிபால் அணிக்காக வெளிநாட்டில் தகுதிச் சுற்று ஆடியதைக் காவாந்தண்டலத்து வீட்டில் செல்போனில் பார்த்தேன். வலையோரம் நின்றவள், முதுகுக்குப் பின்னால் இரண்டு விரலைக் காட்டினாள்.

“யாருக்கோ ஜாடை காட்டிக்கினு கீறாக்கா உம்பொண்ணு,” என்றாள் என் ஓரகத்தி.

அதன்பிறகு நான் பந்தைப் பார்க்கவே இல்லை. அவள் விரலையும், பின்னால் உட்கார்ந்திருந்த ஆண்களையுமே மாறிமாறிப் பார்த்தேன். தொப்பிக்காரனா, தாடிக்காரனா?

ஆட்டம் முடிந்து அவள் கூப்பிட்டதும், “யாருக்குடி விரல காட்டுன?” என்றேன்.

“எங்க டீம் பொண்ணுங்களுக்கும்மா. நான் எந்தப் பக்கம் தடுப்பேன்னு எதிராளுங்களுக்குத் தெரியாம சொல்லணும் இல்ல?”

பக்கத்திலிருந்த ஓரகத்தியைத் திரும்பிப் பார்த்தேன்.

“ஜெயிச்சிட்டோம்மா! கடைசி பாயிண்ட்டு நான் அடிச்சது. பாத்த இல்ல?”

“பாத்தேன்” என்றேன்.

அன்று எங்கள் இருவரில் பொய் சொன்னவள் நான்தான்.