கேரவனுக்குக் கிரவுன் ஆயில் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

முடிச்சூர் ஷெட்டில் எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம் என்று பேர். இருந்துவிட்டுப் போகட்டும். இருபத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். மறு மாதமே பாஸ்கர் ஷெட்டில் சேர்ந்தேன். முதலாளி பாஸ்கர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், என்னை ‘அந்தோணி அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனுஷன். கஸ்டமர் எதிரில் நின்றால் மட்டும் முதுகெலும்பு எங்கேயோ போய்விடும்.

அந்த ஷெட்டை விட்டு நான் ஏன் வந்தேன் என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

1. பால் டீ

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு கேரவன் வந்து நின்றது. சினிமாக்காரர்கள் வைத்திருப்பார்களே, அதே மாதிரி பஸ் சேஸிஸ் மேல் கட்டிய வீடு. உள்ளே ஏசி, சோபா, டிவி, காபி மெஷின். ஆனால் இது மனை விற்கிற கம்பெனியின் வண்டி. தாம்பரத்தில் ஆட்களை ஏற்றி, சைட்டைக் காட்டி, திரும்ப இறக்கிவிடுவதற்குள் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

“நாப்பதுல போனா பின்னாடி ஊளை வுடுதுண்ணா” என்றார் டிரைவர்.

பின் சக்கரங்களுக்கு நடுவில் தொங்கும் இரும்புக் குண்டுதான் டிஃபரென்ஷியல். அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தை வைத்து நாங்கள் மொத்தத்தையும் கிரவுன் என்போம். பக்கவாட்டிலிருந்து கையை விட்டு, ஆயில் அளவு பார்க்கும் லெவல் பிளக்கைத் திறந்தேன். தேன் மாதிரி வர வேண்டிய ஆயில் பால் டீ மாதிரி வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது.

“வண்டிய முழங்கால் தண்ணில எறக்கினியா?”

டிரைவர் வேறு பக்கம் பார்த்தார். ஓடிச் சூடான கிரவுன் தண்ணீரில் இறங்கினால் சட்டென்று குளிரும். மேலே காற்று போய்வர இருக்கும் பிரீதர் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு ஓட்டினால் பல் போய்விடும். ஆயில் மாற்றாமல் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

2. இருபது நிமிஷம்

எங்கள் ஷெட்டில் அடியில் நின்று வேலை பார்க்கக் குழி உண்டு. பெயருக்குத்தான். நிலத்தடி நீர் ஊறி வருஷத்தில் பாதி நாள் நிரம்பியே கிடக்கும். அன்றும் நிரம்பித்தான் இருந்தது. அதனால் வண்டியைத் தரையில் நிறுத்தித்தான் வேலை. தரையோ வாய்க்கால் பக்கம் சரிவு. வண்டி சமமாக நிற்காவிட்டால் ஆயில் அளவு தப்பிப்போகும்.

கேரவனுக்கு நான்கு ஹைட்ராலிக் கால்கள் இருந்தன. உள்ளே கதவோரம் ஸ்விட்ச். கால்களை இறக்கினால் வண்டி எழும்பிச் சமமாக நிற்கும், பின் சக்கரம் நான்கு விரல் தூக்கும். சாதாரணமாக அந்தக் கிரவுனுக்கு அடியில் என் மார்பு நுழையாது. தூக்கினால் நுழையும்.

“உள்ள இருக்கறவங்களக் கொஞ்சம் எறக்குங்க. சாவியும் என்கிட்ட குடுங்க” என்றேன். டிப்போவில் அடியில் போகிறவன் சட்டைப்பையில்தான் சாவி இருக்கும். டிப்போ மேனேஜரே கேட்டாலும் தரமாட்டோம்.

கம்பெனியின் சேல்ஸ் மேனேஜர் கார்த்திக் இறங்கி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. “அண்ணா, உள்ள பார்ட்டி உக்காந்திருக்காங்க. இன்னைக்கு முடிஞ்சிடும். இப்ப எறக்கினா மூடு போயிடும். சாவிய எடுத்தா ஏசி, டிவி எல்லாம் ஆஃப் ஆயிடும்ணா.”

நான் பாஸ்கரைப் பார்த்தேன். பாஸ்கர் தரையைப் பார்த்தார். “வுடுண்ணே, இருபது நிமிஷ வேலை தான? அவங்க பாட்டுக்கு உக்காந்துகினு இருக்கட்டும்.”

நானும் விட்டேன். அதுதான் என் தப்பு. அதை வேறு யார் தலையிலும் கட்டமாட்டேன்.

டிரைவர் கால்களை இறக்கி வண்டியைத் தூக்கினார். நான் ஒன்று மட்டும் செய்தேன். ஆக்ஸிலுக்கு அடியில், ஸ்பிரிங் பக்கமாக, இரண்டு பக்கமும் பருத்த மரக்கட்டைகளை அடுக்கினேன். மேலே இரண்டு விரல் இடைவெளி. “டிப்போ புத்தி உன்ன வுட்டுப் போவாதுண்ணே” என்று பாஸ்கர் சிரித்தார். நான் மல்லாந்து அடியில் நுழைந்து, ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்தேன்.

ஆயில் தட்டில் பாதி வடிந்திருக்கும். தலைக்கு மேல் யாரோ நடக்கும் சத்தம். அப்புறம் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. கிரவுன் என்னை நோக்கி இறங்கியது. இறங்கி, கட்டையில் டொம் என்று உட்கார்ந்து நின்றது. என் சட்டைப் பொத்தானுக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியைக்கூட நிறுத்தி வைக்க முடியாது. மூச்சை இழுத்தால் மார்பு இடிக்கிறது. வடிந்துகொண்டிருந்த ஆயில் கழுத்தில் கொட்டுகிறது.

பயந்தேன். பயந்தேன் என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. வயிற்றை எக்கிக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்து வெளியே வந்தேன். வந்த பிறகுதான் கோபம் வந்தது.

3. கீழே இறங்குங்க

கேரவன் கதவைத் திறந்தேன். கியர் ஆயிலுக்குக் கெட்டுப்போன முட்டை நாற்றம். ஏசியில் அது நன்றாகவே பரவியது. உள்ளே ஒரு கணவன் மனைவி, கையில் காபி. கதவோரம் கார்த்திக். சைட்டை மேலிருந்து எடுத்த வீடியோவைக் காட்ட டிவியைப் போடப்போய், பக்கத்தில் இருந்த கால் ஸ்விட்சை அமுக்கியிருக்கிறார்.

“எல்லாரும் கீழ எறங்குங்க” என்றேன்.

“அண்ணா, சாரி, தெரியாம கை பட்டுடிச்சி. ஒன்னும் ஆவலல்ல?”

“கட்ட வெச்சதால ஆவல. அடியில ஆளு கீறான்னு தெரியும் இல்ல உனக்கு? எறங்கு.”

பாஸ்கர் ஓடி வந்தார். “அண்ணே, கஸ்டமர் எதிர்ல இன்னா பேச்சு இது?”

“பாஸ்கரு, இந்த வண்டி கிரவுன்ல இப்ப ஒரு சொட்டு ஆயில் இல்ல. நகத்தினா கிரவுன் காலி. வண்டி போவணும்னா நான் அடியில போவணும். நான் போவணும்னா இவங்க எறங்கணும், சாவி என் பாக்கெட்டுக்கு வரணும். இல்லன்னா வண்டி இங்கயே நிக்கட்டும்.”

முதலில் இறங்கியது அந்த அம்மாதான். பள்ளிக்கூட டீச்சராம், சேலையூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்களாம். “நீங்க கீழ இருந்தீங்கன்னு யாருமே எங்ககிட்ட சொல்லலை சார்” என்றார். முகம் வெளுத்திருந்தது. அவருடைய கணவர் என் கழுத்தில் வழிந்த ஆயிலைத் துடைக்கக் கைக்குட்டையை நீட்டினார். கார்த்திக் கடைசியாக இறங்கிச் சாவியைக் கொடுத்தார்.

உட்கார நிழல் இருந்தது குழியோரம்தான். அந்த அம்மா குழியை எட்டிப் பார்த்தார். “இது தண்ணித் தொட்டியா?”

“இல்லம்மா. நின்னு வேலை பாக்கற குழி.”

“மழை விட்டு எத்தனையோ நாளாச்சே, இவ்ளோ தண்ணி இருக்கு? நாங்க பாக்கப் போற சைட் இங்கேந்து ரெண்டு தெருதான்னாங்க.”

கார்த்திக் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார். பாஸ்கர் தொண்டையைச் செருமினார். ஓர் உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். காலையில் கேட்ட உடனே மரியாதையாக எல்லாரையும் இறக்கியிருந்தால், நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அந்தக் குழியைப் பார்த்து எத்தனையோ பேர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ‘நேத்து வண்டி கழுவின தண்ணி’ என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். நானும் சொல்லியிருக்கிறேன்.

அன்று சொல்ல வரவில்லை. “அது ஊத்துத் தண்ணிம்மா. எறைச்சா மறுநாள் காலைல திரும்ப நிக்கும். பெரிய வெள்ளத்துல இங்க முடிச்சூர்ல எங்க வூட்ல ஜன்னல் வரைக்கும் தண்ணி. அப்ப உங்க சைட்டு வயலா இருந்திச்சு, கண்ணுக்கே தெரியல” என்றேன்.

“அதெல்லாம் மூணடி மண்ணு அடிச்சு உசத்திட்டோம் மேடம்” என்றார் கார்த்திக்.

“அப்போ அந்தத் தண்ணி யார் வீட்டுக்குப் போகும்?” என்று கேட்டார் அந்த அம்மா. கணவனும் மனைவியும் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போய்விட்டார்கள்.

4. ஒரு வார்த்தை

கார்த்திக் அதன் பிறகு பேசியதை எழுத முடியாது. எங்கள் ஷெட்டுக்கு இனிமேல் கம்பெனி வண்டி ஒன்றுகூட வராது என்பதுதான் அதன் சாரம். பாஸ்கர் என்னைத் தனியாக அழைத்துப்போனார்.

“அண்ணே, சாரின்னு ஒரு வார்த்த சொல்லிடு. பேஜார் முடிஞ்சிடும்.”

“யாரு யாருக்குச் சொல்லணும்?”

“நீதான்ணே. சேல் போச்சுல்ல அவருக்கு.”

“எனக்கு உசுரு போயிருக்கும். யாராவது சாரி சொன்னீங்களா? அவரு சொன்னது பார்ட்டி காதுக்கு. நீ அதுகூடச் சொல்லல. நான் சொல்ல மாட்டேன் பாஸ்கரு.”

“அப்ப நாளைலேந்து வராதண்ணே.”

“வரல.”

சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கிரவுன் காலியாக இருந்தது. இரும்பு யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் ஒட்டியிருந்த இரும்புத்தூளை வழித்துத் துடைத்து மாட்டினேன். கால்களை மறுபடி இறக்கி, வண்டியைச் சமம் பார்த்து, ஆள் இல்லாத கேரவனுக்கு அடியில் போய், லெவல் துளையில் புது ஆயில் சொட்டும் வரை பம்ப் அடித்தேன். பிரீதரையும் கழற்றி ஊதி மாட்டினேன். அவ்வளவு அமைதியாக நான் ஒரு வேலையும் பார்த்ததில்லை.

இப்போது மாடம்பாக்கத்தில் சின்னதாகச் சொந்த ஷெட் போட்டிருக்கிறேன். தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். ஊற்றுகிற பிளக் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கிற பிளக்கைத் திற. வண்டியின் கால்களை நம்பாதே, கட்டை வை. சாவி உன் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வண்டிக்குள் யாரும் இருக்கக்கூடாது. இருபது நிமிஷம்தானே என்று முதலாளி சொல்வார், கஸ்டமர் சொல்வார். அந்த இருபது நிமிஷமும் அடியில் படுத்திருப்பது அவர்கள் இல்லை.

இதையெல்லாம் கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். போகும். எனக்குப் போனது. போன மாதம்கூட ஒருவர், உள்ளே தூங்கும் மாமனாரை எழுப்ப மாட்டேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். போகட்டும். ஆள் இறங்கும்வரை நான் அடியில் போகமாட்டேன்.