க்ளெய்ம் இல்லாத வருஷம்

அப்பாவுக்குக் கண்புரை எடுத்தபோது முழுச் செலவையும் கையிலிருந்தே கட்டினார். மருத்துவக் காப்பீடு இருந்தது. அதைத் தொடக்கூடாது என்றார்.

"க்ளெய்ம் பண்ணினா போனஸ் போயிடும்டி. பெரிசா ஏதாவது வரட்டும், அப்போ எடுத்துக்கலாம்."

க்ளெய்ம் செய்யாத ஒவ்வொரு வருஷத்துக்கும் காப்பீட்டுத் தொகையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள். அதைத்தான் போனஸ் என்றார். பெரிசாக ஏதாவது வருவதற்கு இவ்வளவு முன்னேற்பாட்டோடு காத்திருந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வருஷா வருஷம் புதுப் பாலிசி வந்ததும் அதன் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுவார். ஒரு நாள் சுவாமி அலமாரியில் இருந்த பிறகுதான் அது பீரோவுக்குள் போகும். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகைக்குத்தான் அப்படிச் செய்வார்கள். நான் கேலி செய்தால், "சிரிடி சிரி. ஆத்துல யாராவது படுத்துண்டா அப்போ தெரியும்" என்பார்.

கொரோனா இரண்டாவது அலையில் அவரே படுத்துக்கொண்டார். முதலில் வெறும் ஜுரம். பிறகு விரலில் மாட்டும் கருவி காட்டிய எண் இறங்க ஆரம்பித்தது. பரிசோதனை முடிவையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். நான் கார் ஓட்டினேன். அம்மா பின்சீட்டில் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அட்டை அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அதை யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று அவரே வைத்துக்கொண்டார்.

அடையாறில் இடம் இல்லை. தி.நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரே ஒரு படுக்கை இருந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் அசந்துபோயிருந்தார். ஆனாலும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"பெட் இருக்கு மேடம். ஆனா கோவிட் கேஸுக்கு கார்டு எடுக்கறது இல்ல. இப்ப பணமா டெபாசிட் கட்டிடுங்க, அப்புறமா கம்பெனிகிட்ட கேட்டு வாங்கிக்குங்க."

கட்டப் பணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் காருக்கு வந்தேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது.

"இத்தனை வருஷம் எதுக்குக் கட்டிண்டு வந்தேன்? இதுக்குத்தானே? கார்டை எடுத்துக்கறவன் எவனாவது இருப்பான். நீ வண்டியை எடு."

"அப்பா, முதல்ல அட்மிட் ஆயிடலாம்ப்பா."

"அப்பாதான் சொல்றாரே, எடுடி" என்றாள் அம்மா. அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவளுக்குப் பழக்கமில்லை. அன்றைக்கும் பேசவில்லை.

வடபழனிக்குப் போனோம். அங்கே கார்டும் கேட்கவில்லை, பணமும் கேட்கவில்லை. படுக்கையே இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். திரும்பி தி.நகருக்கு வந்தபோது அதே கவுன்ட்டர், அதே ஆள்.

"இப்பதான் மேடம் ஒருத்தரைச் சேர்த்தோம்" என்றார்.

கடைசியில் அரசு மருத்துவமனை. வாசலுக்கு வெளியே ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. அவற்றின் வாலில் எங்கள் காரும் நின்றது. ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்த டாக்டர் எங்களிடம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். கை மட்டும் சட்டைப் பையின் மேல் இருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. மயானத்தில் தள்ளி நிற்கச் சொன்னார்கள், நின்றேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் குக்கர் வைத்தேன். விசில் வந்ததும் இறக்கினேன். அப்பா மேல் கோபம் மட்டும் இருந்தது. இப்போதும் இருக்கிறது. செத்துப்போனவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை.

பாலிசி புதுப்பிக்கும் சமயத்தில் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அம்மாவின் கைபேசிக்கு அழைத்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஒரு நல்ல விஷயம். இந்த வருஷமும் உங்க ஃபேமிலில க்ளெய்மே இல்ல. அதனால உங்களுக்கு போனஸ் ஏறியிருக்கு."

அவள் சொன்னது சரிதான். எந்த மருத்துவமனையிலும் சேராத மனிதருக்கு ஏது க்ளெய்ம்? நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, சாரின் பெயரை எடுத்துவிட்டு மேடத்துக்கு மட்டும் தொடரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வேண்டாம்னு சொல்லிடட்டுமா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"கட்டிடு" என்றாள்.

புதுப் பாலிசி வந்தது. அம்மா சமையலறையிலிருந்து மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தாள். மூலை மூலையாகத் தடவினாள். நான் கேலி செய்யவில்லை. அலமாரியில் வைத்துவிட்டு விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி, அன்னிக்கு தி.நகர்ல நம்ம படுக்கையில ஒருத்தரைச் சேர்த்துண்டாளே, அவர் பொழச்சுண்டாராமா?"

"தெரியலம்மா" என்றேன்.

"பொழச்சிருக்கணும்" என்றாள்.